லட்சம் பேர் இல்லாத ஊர்

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம்: வீடற்றோருக்காக 2010-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்ன கணக்கு. 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையே பிடித்துக்கொண்டது. லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் நிரந்தர இடம், ஆளுக்கு 50 சதுர அடி. சென்னைக்கும் கோவைக்கும் சரி. செய்யாருக்கு?

2011 கணக்கெடுப்பின்படி செய்யாரின் திருவத்திபுரம் நகராட்சியில் 37,802 பேர், ஆரணியில் 63,671. இரண்டையும் கூட்டினால்தான் லட்சம் தாண்டும். அதற்காக, செய்யார் பேருந்து நிலையத்தில் ஒண்டியிருக்கும் பாட்டியைக் கடைசி பஸ்ஸில் ஆரணிக்கு ஏற்றிவிட முடியுமா? 2016-ல் சிறு நகரங்களுக்கும் இயக்கத்தை விரித்தார்கள். செய்யலாம் என்று அனுமதி வந்தது, செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. சம்பளம் போடவே திணறும் நகராட்சிகள் அனுமதியை வைத்து என்ன செய்யும்? அந்த இயக்கமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

செய்யார், ஆரணி போன்ற நெசவு வட்டாரத்தில் வீடிழக்கும் ஆபத்து இன்னும் கிட்டே இருக்கிறது. குழித்தறி என்பது வீட்டுத் தரையைத் தோண்டிப் போடுவது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் நெசவாளி பாவு நூலை அறுத்து, மரத்தைப் பிரித்து, குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுபடி தரையைத் தோண்ட விடும் வீட்டுக்காரர் அமையும்வரை கூலி கிடையாது. பிள்ளைகள் கைவிட்ட வயதானவர் என்றால் அடுத்த படி கோயில் வாசல்தான்.

வெளியில் படுப்பவரைத் தண்டிக்கும் ஊரும் உண்டு. அமெரிக்காவில் கிரான்ட்ஸ் பாஸ் என்றொரு ஊர், ஏறக்குறைய செய்யார் அளவுதான். பூங்காவில் போர்வையோடு படுத்தவர்களுக்கு அபராதம் போட்டது. 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றது. நம்மூரில் அபராதச் சீட்டு இல்லை, லத்தியால் தரையைத் தட்டி எழுப்புவதோடு சரி. படுக்க இடம் காட்டாமல் எழுப்புவது எந்த ஊரிலும் அநியாயம்தான்.

ஐப்பசி மழைக்குமுன் செய்யார் நகராட்சி வீடற்றோரைக் கணக்கெடுக்கட்டும். பகலில் போனால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். இரவு பதினொரு மணிக்குமேல் பேருந்து நிலையம், வேதபுரீஸ்வரர் கோயில் வாசல், மூடிய கடைகளின் படிக்கட்டு என்று நடந்து பார்க்க வேண்டும். லட்சத்துக்கு நூறு என்றால் செய்யாரின் பங்கு 38 பேர். அவர்களுக்கு ஒரு கூடம், கழிப்பறை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை, இரவுக் காவலர் ஒருவர்: அடுத்த மன்றக் கூட்டத்தில் இதற்கொரு தீர்மானமும், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பும் வரவேண்டும்.