பீங்கானையும் கண்ணாடியையும் பிரித்து வைக்காதீர்கள்

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஸீபோ என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. கரியில் சுட்டு விற்கும் இறைச்சிக்காக 2023இல் சீனா முழுவதும் பேசப்பட்ட ஊர். என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊரைத் தெரிந்தது வேறு காரணத்தால். பீங்கானையும் கண்ணாடியையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் கிளேஸ் கலக்கியே வாழ்நாளை ஓட்டியவன் நான். அந்தக் கூடங்களைச் சுற்றி வந்தபோது, நெடுநாளாக மனதில் கிடந்த ஒரு வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்த மாதிரி இருந்தது.

பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பீங்கானுக்குத் தனி மாடி கொடுப்பார்கள்; கண்ணாடியை வேறெங்கோ ஒரு மூலையில் வைப்பார்கள். இரண்டும் வெவ்வேறு சாதி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தொழில் தெரிந்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிளேஸ் என்பதே கண்ணாடிதான். அடிப்படை சிலிக்கா, அதை உருக வைக்க ஃபெல்ட்ஸ்பாரோ சுண்ணாம்போ ஈயமோ வேண்டும், நிறத்துக்கு இரும்பு, செம்பு, கோபால்ட். களிமண் உடம்பின் மேல் உருகிப் படிந்தால் கிளேஸ், குழாய் முனையில் ஊதி எடுத்தால் கண்ணாடி.

ஸீபோவில் உள்ள தாமரை ஜாடியைப் பார்த்தால் இது நேராகவே புரியும். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1982இல் அதே வட்டாரத்திலுள்ள ஸீச்சுவானில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. உடம்பு முழுக்கத் தாமரை இதழ்கள் அடுக்கடுக்காக, சில மேல் நோக்கி, சில கீழ் நோக்கி. இதழின் விளிம்பில் கிளேஸ் வழிந்து மெலிந்து, அடியிலிருக்கும் மண்ணின் நிறம் தெரிகிறது. இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அதே கிளேஸ் தேங்கிக் கெட்டியாகி, குளத்துப் பாசி நிறத்தில் நிற்கிறது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் தேக்கத்துக்குள் வெளிச்சம் இறங்குவது தெரியும். பச்சை வேண்டும் என்று அந்தக் குயவர் தனியாக ஒரு சாயமும் சேர்க்கவில்லை. கிளேஸில் இருந்த இத்துணூண்டு இரும்புதான், சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தபோது பச்சையானது.

பக்கத்திலேயே மழைத்துளிக் கிளேஸ் போட்ட கறுப்புக் கிண்ணங்கள். கரிய பரப்பில் வெள்ளிப் புள்ளிகள் சிதறியிருக்கும். யாரும் தூரிகையால் வைத்த புள்ளிகள் அல்ல. உருகிய கிளேஸுக்குள் எழும்பும் குமிழிகள் இரும்பை மேலே கொண்டுவருகின்றன. ஆறும்போது அந்த இடங்களில் இரும்பு படிகமாகிறது. வெப்பம் கொஞ்சம் ஏறினால் புள்ளி ஓடிக் கோடாகிவிடும். குறைந்தால் புள்ளியே வராது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பகுதிக்குப் போகிறவருக்கு அது புது உலகமாகத் தெரியாது. ஸீபோவைச் சேர்ந்த போஷானில் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி உருக்குகிறார்கள். 1696இல் காங்சி பேரரசர் பீக்கிங் அரண்மனையில் கண்ணாடிப் பட்டறை தொடங்கியபோது, அதை அமைத்துக் கொடுத்தவர் கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மானிய ஏசு சபைத் துறவி. ஆனால் அங்கே உலை முன் நின்றவர்களில் போஷான்காரர்களும் குவாங்ஜோகாரர்களும் இருந்தார்கள். கோழிக் கொழுப்பின் நிறத்தில் பளபளக்கும் மஞ்சள் கண்ணாடிக்கு இன்றும் போஷான்தான் பேர்போன இடம். விரல் நுழையாத கழுத்துள்ள மூக்குப்பொடிக் குப்பிகளுக்குள் வளைந்த தூரிகையை விட்டு, உட்புறத்தில் படம் எழுதுகிறவர்களும் அந்த ஊர்க்காரர்கள். வழுக்கும் கண்ணாடியில் மை நிற்காது என்பதால் முதலில் குப்பிக்குள் மணலைப் போட்டுக் குலுக்கி உட்சுவரைச் சொரசொரப்பாக்குவார்கள்.

என்னைக் கேட்டால், அரசர் பொருளைவிட மீன் தட்டுகள்தான் உயர்த்தி. சாதாரண வீடுகளுக்காகச் செய்த பெரிய முரட்டுத் தட்டுகள். நடுவில் ஒரு மீன், மொத்தம் ஏழெட்டு இழுப்புக்கு மேல் இருக்காது. வால் திரும்பும் இடத்தில் தூரிகை காய்ந்து, மயிர் மயிராகப் பிரிந்த தடம் அப்படியே வெந்து நிலைத்திருக்கிறது. நாளைக்கு நூற்றுக்கணக்கில் எழுதிய கைக்குத்தான் அந்த வேகம் வரும்.

ஏன் இந்த ஊரில் இத்தனையும் சேர்ந்தது? நிலக்கரியும் தீயைத் தாங்கும் களிமண்ணும் அங்கே ஒரே நிலத்தடியில் கிடக்கின்றன. போஷானின் பழைய சூளைத் தெருக்களில் வீட்டுச் சுவர்களே சாகர்களால் கட்டியவை. சாகர் என்பது பாத்திரத்தைப் புகையும் சாம்பலும் தீண்டாமல் சூளைக்குள் மூடி வைக்கும் களிமண் உறை. சுட்டுச் சுட்டு விரிசல் விட்டதும் அதை வீசாமல் செங்கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். வட்ட வட்டமாக வாய் தெரியும் அந்தச் சுவரைத் தொட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குள் போகிறவர் ஜாடியைப் பார்க்கும் கண்ணே வேறு.

நமக்கும் இதில் பாத்தியதை இருக்கிறது. தென்சீனத் துறைமுகமான ஹெப்புவில் ஹான் காலக் கல்லறைகளில், அரிக்கமேட்டில் செய்தது போன்ற சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடி அங்கே போயிருக்கிறது, பீங்கான் இங்கே வந்திருக்கிறது.

நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் வெளிவருகிறது. அந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்தோம். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு பயிலகமும் அங்கேயே இருக்கிறது. அகழாய்வில் கிடைத்ததை வெளியே கொண்டுபோகாமல் கீழடியிலேயே அருங்காட்சியகம் கட்டி 2023இல் திறந்தது தமிழக அரசு. அதே நியாயம் விருத்தாசலத்துக்கும் பொருந்தும். பெரியபட்டினத்து ஓடும் அரிக்கமேட்டு மணியும் ஒரே பேழையில், எரியும் சூளைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். சிலிக்கா தூசியை முழு வாழ்நாளும் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றியும் அங்கே ஒரு சுவரில் எழுத வேண்டும். உலகத்தின் அழகான பீங்கான் கூடங்களில் அந்தச் சுவரைப் பார்ப்பது அரிது.

பேட்டையில் என்னோடு அச்சு வார்த்தவர்களும் சூளை அடுக்கியவர்களும் வயதாகிப்போனார்கள். எந்த மண்ணுக்கு எந்தக் கிளேஸ், எத்தனை மணிக்குத் தீயைத் தணிப்பது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது, ஏட்டில் இல்லை. கட்டடம் கட்ட நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயிலகத்து மாணவர்களிடம் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, இந்த மாதமே அந்த முதியவர்களின் வீடுகளுக்கு அனுப்பலாம்.