நின்றுபோன விசிறியும் நிர்ப்பந்தம் எனும் சொல்லும்

 

வீண்விரயம் என்றதும் வலீமா விருந்தில் கொட்டப்படும் பிரியாணியும், உளூச் செய்கையில் மூடாமல் விடப்பட்ட குழாயும் நம் நினைவுக்கு வருகின்றன. ஜுமுஆ உரைகளிலும் பெரும்பாலும் இவற்றையே பேசுகிறோம். சிறு பழுதுக்காக முழுப் பொருளையும் ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கும் வழக்கத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. அவ்வழக்கம் சில குடும்பங்களை வட்டியின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவே இவ்வாரம் கணினியினுள் சுழலும் ஒரு சிறு விசிறியைப் பற்றி எழுத முற்படுகிறோம்.

ஒரு தந்தையின் வினா

பழனியில் நாம் அறிந்த சகோதரர் ஒருவரின் மகள் கட்டடக்கலை பயில்கிறார். அவருடைய கணினியில் இருப்பது 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 வகை கிராஃபிக்ஸ் கார்டு. வரைபடங்களை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் அக்கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கருத்து அணைந்துபோகத் தொடங்கியது. கடையொன்றில் காட்டினார்கள். “கார்டு போய்விட்டது; இது பழைய மாடல்; புதிய கணினி வாங்குவதே நல்லது” என்றார்களாம். கையில் பணமில்லை. மாதத் தவணைத் திட்டத்தில் வட்டி உண்டு. அந்தச் சகோதரர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் போலிருக்கிறது. இது நிர்ப்பந்தம் ஆகாதா? இந்தத் தவணைக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டார்.

நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்னும் ஃபிக்ஹ் விதியைப் பலரும் அறிந்திருக்கிறோம். ஆயின், ஆகுமான மாற்றுவழி எதுவும் இல்லாதபோதே அது நிர்ப்பந்தமாகும் என்ற நிபந்தனையை மறந்துவிடுகிறோம். எனவே நாம் அவரிடம் கேட்டது ஒன்றே: “கேபினட்டைத் திறந்து எவரேனும் பார்த்தார்களா?”

எவரும் பார்த்திருக்கவில்லை. கணினி பழுதுபார்க்கத் தெரிந்த உறவினர் ஒருவர் வந்து திறந்து பார்த்தார். கார்டின் இரு விசிறிகளுள் ஒன்று அறவே நின்றிருந்தது. மற்றொன்று தள்ளாடிச் சுழன்றது. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி விசிறிகள் வரவழைக்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கணினி இன்றும் அவர் வீட்டில் இயங்குகிறது. வட்டித் தவணைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

விசிறி ஏன் நிற்கிறது?

கிராஃபிக்ஸ் கார்டின் நடுவே இருக்கும் சில்லு, வேலை மிகும்போது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டை அதன்மேல் அமர்ந்த உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி அதனைக் காற்றில் கலைத்துவிடுகிறது. விசிறி நின்றால் சூடு தேங்கும். சில்லு தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். பின்னரும் சூடு ஏறினால் இயக்கம் நின்றுபோகும். நாம் குறிப்பிட்ட ஜிடிஎக்ஸ் 1060க்குத் தயாரிப்பாளர் வகுத்த உச்ச வெப்பம் 94 டிகிரி செல்சியஸ். ஆக, கணினி அணைந்துபோனது சில்லு உயிரோடு இருந்து தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

கார்டின் பாகங்களுள் இடைவிடாது அசைவது விசிறி மட்டுமே. ஆகவே முதலில் தேய்வதும் அதுவே. விலை குறைந்த விசிறிகளின் அச்சு எண்ணெய்ப் பூச்சை நம்பிச் சுழல்கிறது. ஆண்டுகள் செல்ல எண்ணெய் உலரும், தூசி புகும், அச்சு இறுகும். பழனி, திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலையும் தெருப்புழுதியையும் நாம் அறிவோம். சன்னலோரத்தில் தரையில் வைக்கப்பட்ட கேபினட் ஒன்றைத் திறந்து பார்த்தால், தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்திருப்பதைக் காணலாம்.

மாற்றும் முறை

விசிறி சுழலவில்லை என்றவுடன் பழுது என முடிவுசெய்ய வேண்டாம். 2014ஆம் ஆண்டுவாக்கிலிருந்து வந்த பல கார்டுகளில், சூடு குறைவாக உள்ளபோது விசிறி தானே ஓய்ந்திருக்கும். வேலை கொடுத்துச் சூடேறிய பின்னும் சுழலாவிடில்தான் ஐயம் கொள்ள வேண்டும். ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருள் வெப்பத்தையும் விசிறியின் வேகத்தையும் காட்டும்.

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தைப் போக்கிவிட வேண்டும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுக. விசிறியை விரலால் மெல்லச் சுழற்றினால், நல்லது தடையின்றிச் சுற்றும்; பழுதானது இறுகும் அல்லது ஆடும். தூசியைக் காற்றடித்து நீக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்.

புதிய விசிறி வாங்குமுன் பழையதன் பின்புறச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மாடல் எண், வோல்ட் (பெரும்பாலும் 12), ஆம்பியர் ஆகியன பொருந்த வேண்டும். இறக்கையின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, கனெக்டரின் ஊசி எண்ணிக்கை ஆகியவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு ஊசி உள்ளது மின்சாரம் மட்டும் தரும்; மூன்றாவது ஊசி சுழல்வேகத்தை அறிவிக்கும்; நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்தும். இரண்டு விசிறி உள்ள கார்டில் ஒன்று போனால், மற்றதும் அதே வயதுடையது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

பல கார்டுகளில் மேலுறையைக் கழற்றினாலே விசிறி கைக்கு வந்துவிடும். சிலவற்றில் உலோகத் தகட்டையும் பிரிக்க நேரும். அப்போது சில்லின்மீது உலர்ந்திருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை இட வேண்டும். நினைவகச் சில்லுகள்மேல் உள்ள மெத்தென்ற பட்டைகளைக் கிழிக்காமல் அதே இடத்தில் வைக்க வேண்டும்.

உரிய விசிறி கிடைக்காவிடில் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய கார்டுகளிலிருந்து கழற்றியதைத் தேடலாம். அதுவும் இயலாதெனில் மேலுறையை நீக்கிவிட்டு, கேபினட்டுக்குரிய 92 மில்லிமீட்டர் விசிறியைத் தகட்டின்மேல் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி, மதர்போர்டில் இணைத்து இயக்குவோர் உண்டு. பார்வைக்கு அழகில்லை, ஆனால் சூட்டைத் தணிக்கும். அச்சில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுவது சிலகாலம் தாங்கும். வீட்டில் இருக்கிறதென்று தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டாம். அது பிசுபிசுத்து உறைந்து அச்சை மேலும் இறுக்கும்.

விசிறி சரியாகச் சுழன்றும் திரையில் புள்ளிகளும் கோடுகளும் தோன்றினால், பழுது சில்லிலோ நினைவகத்திலோ இருக்கலாம். அதைத் தேர்ந்தவரிடம் காட்டுவதே முறை.

மார்க்கத்தின் பார்வையில்

விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளோடு சேர்த்துக் கண்டிக்கிறது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 27ஆம் வசனம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அறுந்த காலணிக்கு ஒரு தையல் போதும் எனில் புதுக்காலணி தேடுவதில்லை என்ற இயல்பு அதில் தெரிகிறது. பழுதுபார்ப்பது வறுமையின் அடையாளம் என்று கருதும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை நாம் அடிக்கடி சொல்ல வேண்டும்.

மதரஸாக்களிலும் ஜமாஅத் நூலகங்களிலும் நன்கொடையாக வந்த கணினிகள் பல, மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே உரியது என்று ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் வகுத்துள்ளன. கட்டடத்துக்குச் சொல்லப்பட்ட அந்த உணர்வைக் கணினிக்கும் நாம் கொள்ளலாகாதா? அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவரின் பொருள் ஒரு விசிறியின்பொருட்டு முடங்கிக் கிடப்பது அமானிதத்துக்கு அழகன்று.

விற்போருக்கும் ஒரு சொல். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவுபகலாக அதற்காக உழைத்த கிராஃபிக்ஸ் கார்டுகள் உலகெங்கும் பழைய பொருட்சந்தைக்கு வந்தன. அவற்றின் விசிறிகள் ஓய்வின்றி ஓடித் தேய்ந்தவை. இத்தகைய கார்டைத் துடைத்து மினுக்கி, ‘வீட்டில் வைத்திருந்தது’ என விற்பது ஹலாலான வியாபாரமா? தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட நபிகளார் (ஸல்), மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. விசிறி மாற்றப்பட்ட கார்டை விற்பதில் குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லி விற்பதே கடமை. பார்த்துச் சொல்லாமலேயே ‘போய்விட்டது’ என்பதும் வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகமே.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

“கிராஃபிக்ஸ் கார்டு விளையாட்டுக்குத்தானே? நின்றது நல்லதுதான்” என்று சில பெற்றோர் கூறக்கூடும். விளையாட்டில் பொழுது கழிவது குறித்த கவலை நமக்கும் உண்டு. எனினும் கட்டட வரைபடம், காணொளித் தொகுப்பு, அசைபடம் எனப் பல தொழில்கள் அந்தக் கார்டை நம்பியுள்ளன. சில வகைப் பிராசஸர்களில் தனிக் கார்டு இல்லையெனில் திரையில் படமே வராது. பிள்ளையின் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் பெற்றோர் பேசிக் கட்டுப்படுத்தட்டும். பழுதை அதற்குக் காவலாக வைப்பது முறையாகாது.

“பழைய பொருளைக் கட்டி அழுவதால் என்ன பயன்?” என்பது மற்றொன்று. இதில் நியாயமும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1060 தலைமுறைக்கான புதிய மென்பொருள் மேம்பாடுகளை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்தது. ஆகவே ஒருநாள் விடைகொடுக்கத்தான் வேண்டும். அந்த நாளை நம் தேவையும் கையிருப்பும் தீர்மானிக்கட்டும். மூன்றாண்டு படிப்பு முடியும்வரை ஓடினால், புதியதற்கு வட்டியின்றிச் சேமிக்க மூன்றாண்டு கிடைத்தது என்று பொருள்.

நாம் எறிந்தவை எங்கே போகின்றன என்பதையும் எண்ண வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானதாகவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. எஞ்சியதில் ஒரு பகுதியை ஏழைகள் வெறுங்கையால் உடைத்தும் எரித்தும் பிரிக்கின்றனர். அந்த ஈயப் புகை அவர்தம் குழந்தைகளின் நெஞ்சில் இறங்குகிறது. நம் நாட்டிலும் புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலையும் தொடங்கியது. சட்டம் தன் பணியைச் செய்யட்டும். வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

நமது திண்டுக்கல் மாவட்டம் பூட்டுக்குப் பெயர் பெற்றது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவி தொலைந்தால் பூட்டைத் திறந்து பார்த்துப் புதுச்சாவி செய்து தரும் கைகள் இம்மண்ணில் உண்டு. அந்தக் கைத்திறனை மின்னணுப் பொருள்களுக்கும் நம் பிள்ளைகள் கற்கட்டும்.

மே மாத விடுமுறையில் நடத்தும் கோடைக்கால தீனியாத் வகுப்புகளில், வாரம் ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு மணிநேரத்தைப் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் தொகுதி, ஒரு தூரிகை, தெர்மல் பேஸ்ட் ஒரு குழாய், மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினி ஆகியவை போதும். மஹல்லாவில் இத்தொழில் தெரிந்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக அழைப்போம். பெண்பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு அமையட்டும். வீட்டுக் கணினி பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரு பொருள் நின்றுபோனால், ‘புதியது என்ன விலை?’ என்று கேட்குமுன் ‘இதில் எது பழுது?’ என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்ற வேண்டும். நிர்ப்பந்தம் என்னும் சொல்லை வாயெடுக்குமுன் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பார்ப்போம். அல்லாஹ் நம் உழைப்பிலும் பொருளிலும் பரக்கத் செய்வானாக! வட்டியின் வாசலிலிருந்து நம்மையும் நம் சந்ததியினரையும் தூரமாக்குவானாக! ஆமீன்.