கப்பற்படைக்கு முன்பே கடல் கடந்தவர்கள்

சோழர் கப்பற்படை கடலைத் திறந்துவிட்டதாம், வணிகர் அதன் பின்னால் போனார்களாம், சோழர் வீழ்ந்ததும் வணிகமும் படுத்துவிட்டதாம். மேடைக்கு மேடை கேட்கும் இந்தக் கதைக்குக் கல்வெட்டுகள் இடம் கொடுப்பதில்லை.

தாய்லாந்தின் தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரும், சேனாமுகத்தார் என்ற படையினரும் காக்க வேண்டும் என்கிறது அது. அவனிநாரணன், பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். சோழன் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பியதோ 1025-ஐ ஒட்டி. கொல்லத்துத் தரிசாப்பள்ளித் தேவாலயத்துக்கு 849-இல் கொடுத்த செப்பேட்டிலும் மணிக்கிராமமும், மேலை ஆசிய வணிகரின் அஞ்சுவண்ணமும் வருகின்றன. அது சோழநாடு அல்ல, சேரநாடு.

அரசன் துணையில்லாமல் வழிப்பறியிலிருந்து காப்பது யார் என்று கேட்பார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவிடம் சொந்தமாக வாளெடுத்த வீரர்கள் இருந்தார்கள். பெருவழிகளில் சில ஊர்களை அந்தச் சபையே கூடி 'எறிவீரபட்டினம்' என்று அறிவித்தது. அந்த அறிவிப்புகளில் வணிகர் தங்களைப் பற்றிப் பாடிக்கொள்ளும் புகழ்மாலைக்கு மன்னர்களின் மெய்க்கீர்த்தியே கூச்சப்படும்!

கடாரப் படையெடுப்புக்குப் பிறகாவது அவர்கள் சோழனின் ஆட்களாகிவிட்டார்களா? சுமத்ராவின் பாரூஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் நட்ட கல்லில் சக ஆண்டு 1010, அதாவது 1088, என்ற காலம்தான் இருக்கிறது, சோழ மன்னன் பெயர் இல்லை. வந்திறங்கும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்த வேண்டும் என்று விதித்தவர்களும் வணிகர்களே. அரசர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தான், வணிகருக்கு அது லாபம். ஆனால் முன்பே ஓடிக்கொண்டிருந்த சரக்குக்குத்தான் அந்தச் சலுகை.

'சோழரோடு முடிந்தது' என்பதுதான் எல்லாவற்றிலும் பலவீனமான வாதம். கடைசிச் சோழனின் ஆட்சி 1279-ஐ ஒட்டி மறைகிறது. 1281-இல் சீனத்துக் குவான்சோவில், மங்கோலியக் கானின் நலன் வேண்டி சிவன் கோயில் எடுத்ததாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதே நூற்றாண்டில் இங்கே பிரான்மலையில் பல ஊர் வணிகர் கூடி, உப்பு, நெல், மிளகு தொடங்கி குதிரை, யானை வரை தாங்கள் கையாண்ட சரக்குக்குத் தாங்களே மகமை விதித்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். பட்டணப்பகுதி என்று அதற்குப் பெயர்.