14.6 பெரிசா, 13 பெரிசா?

பெரிய திரை டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்று பேரன் சென்னையிலிருந்து ஓர் ஒப்பீட்டு அட்டவணை அனுப்பினான். ஒரு பக்கம் சாம்சங் டேப் எஸ்9 அல்ட்ரா (2023), மறுபக்கம் 13 அங்குல ஐபேட் ப்ரோ (2024). இரண்டும் வெளிவந்தபோது லட்ச ரூபாயைத் தாண்டியவை. 14.6 அங்குலம்தான் பெரியது, கண்ணுக்கு நல்லது என்று அடியில் தீர்ப்பும் எழுதியிருந்தான். இந்த அட்டவணைகளை நம்பாதீர்கள் நண்பர்களே!

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்குலத்தை அங்கே 'பூஸ்' என்பார்கள், கட்டைவிரலுக்கும் அதே சொல்தான். எனக்கு எதையும் சென்டிமீட்டரில் போட்டால்தான் மனதில் நிற்கும். 14.6 என்பது மூலைக்கு மூலை அளவு. அந்தத் திரை 16க்கு 10 என்ற விகிதம், ஐபேட் 4க்கு 3. கணக்குப் போட்டேன். பேப்பர் படிக்க நிமிர்த்திப் பிடித்தால் இரண்டுக்கும் அகலம் ஏறக்குறைய 20 செ.மீ.தான்! பெரியதாகச் சொன்னது முழுக்க நீளத்தில் போய்விட்டது. பேப்பர் பக்கத்தை அகலத்துக்குப் பொருத்தினால் எழுத்து இரண்டிலும் ஒரே அளவுதான். சினிமா பார்ப்பவருக்கு அந்த நீளம் லாபம். எனக்கென்ன லாபம்?

எடையைக் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். 732 கிராம், 579 கிராம். சாய்வு நாற்காலியில் அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், அந்த 153 கிராம் மணிக்கட்டில் பேசும். தடிமனை மட்டும் முதல் வரியில் பீற்றிக்கொள்கிறார்கள். 5.5க்கும் 5.1க்கும் வித்தியாசம் 0.4 மி.மீ. எங்கள் ஆபீஸ் ஃபைலில் நாலு தாள்!

நியாயமும் சொல்ல வேண்டும். சாம்சங்குக்குத் தண்ணீர் தாங்கும் ஐபி68 தரம் உண்டு, ஐபேடுக்கு இல்லை. கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். பீரோவில் துணியே பூத்துப்போகிற ஊர் இது. மெமரி கார்டு போடும் இடமும் சாம்சங்கில்தான் இருக்கிறது. சிக்னல் போகிற நாளில் கார்டில் ஏற்றிய பழைய பாட்டுதான் துணை. பேனாவும் பெட்டியோடு வருகிறது, ஐபேடுக்குத் தனியாகக் காசு.

நாமக்கல்லில் ஒரு கடையில் எடையைக் கேட்டேன். பையன் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று ஒப்பித்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது!

இதையெல்லாம் பேரனுக்கு எழுதிப்போட்டேன். "தாத்தா, ப்ராசஸரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?" என்றான். பேப்பர் படிக்க அது எதற்கடா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.