‘நான் வரலைடா’



பரீட்சை முடிந்து, வீட்டுக்கு வீடு ‘எந்த மலைக்குப் போகலாம்’ என்று பேச்சு கிளம்பும் நேரம் இது. இப்போது போய் ஒரு திகில் படத்தைப் பற்றி எழுதுவது அபசகுனமாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

படத்தின் பெயர் ‘வெர்டீஜ்’. 2009-இல் வந்த பிரெஞ்சுப் படம். ஆங்கிலத்தில் ‘ஹை லேன்’ என்று வெளியானது. இயக்கியவர் ஆபெல் ஃபெரி. ஐந்து நண்பர்கள் குரோஷியாவில் ‘வியா ஃபெராட்டா’ ஏறப் போகிறார்கள். செங்குத்துப் பாறையில் இரும்பு வடமும் படிக்கம்பிகளும் பதித்த பாதை அது. முதல் உலகப் போரில் இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் டோலமைட் மலைகளில் இப்படிப் பாதைகள் போட்டன. இன்று ஐரோப்பாவில் அது விடுமுறை விளையாட்டு. இடுப்பு வாரிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வடத்தைப் பாறையோடு முடுக்கிய இடம் வரும்போதெல்லாம் ஒரு கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிய பிறகே மற்றதைத் தொடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது.

இந்த நண்பர்கள் போய்ச் சேரும்போது பாதை மூடிக் கிடக்கிறது. கூட்டிவந்தவனோ ‘பார்த்துக்கலாம்’ என்று ஏறிவிடுகிறான். ஐவரில் லோயிக்குக்கு உயரம் என்றாலே பயம். ஆனால் அவனுடைய காதலியின் பழைய காதலனும் கூட வந்திருக்கிறான். அவன் எதிரில் ‘எனக்குத் தலை சுற்றுது, நான் வரலை’ என்று எந்த இளைஞனுக்கு வாய் வரும்? லோயிக்கும் ஏறுகிறான். சற்று நேரத்தில் தொங்குபாலம் அறுந்து, திரும்பும் வழியும் போய்விடுகிறது.

பிற்பாதியில் ஒரு கொலைகாரன் வருகிறான், துரத்துகிறான். அவனை எந்தக் காட்டுப் படத்திலும் பார்க்கலாம். என்னை உலுக்கியது அவன் வருவதற்கு முந்தைய பகுதிதான். அங்கே வில்லன் யாரும் இல்லை. கௌரவம் பார்க்கும் ஐந்து பேர் மட்டுமே இருக்கிறார்கள்.

நீல் மார்ஷல் இயக்கிய ‘தி டிசென்ட்’ (2005) படத்திலும் இதே கதைதான். அப்பலேச்சியன் மலைக் குகை ஒன்றுக்குள் ஆறு தோழிகள் இறங்குகிறார்கள். இதுவரை யாரும் அளந்து வரைபடம் போடாத குகை அது என்பதைத் தலைவி ஜூனோ மறைத்துவிடுகிறாள். வழி இடிந்து அடைபட்ட பிறகே மற்றவர்களுக்கு விஷயம் தெரிகிறது. குகை ஜந்துக்கள் அதற்கப்புறம்தான் வருகின்றன.

நிஜ மலையிலும் இப்படி நடந்திருக்கிறது. 1996 மே 10 அன்று எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போன மலையேற்ற வழிகாட்டி ராப் ஹாலின் குழு, நெரிசலிலும் தாமதத்திலும் சிக்கியது. திரும்பியாக வேண்டிய நேரம் கடந்த பிறகும் சிலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள், ராப் ஹால் உட்பட. அதே குழுவில் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஜான் டாஸ்கே, லூ கசிஷ்கி என மூன்று பேர் இருந்தார்கள். பெரும் பணம் கட்டி வந்தவர்கள். வானம் தெளிவாக இருந்த முற்பகலிலேயே, நேரம் போதாது என்று கணக்குப் போட்டு இறங்கிவிட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். அந்த நாளைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, 2015-இல் ‘எவரெஸ்ட்’ படமும் வந்தது. ஆனால் உச்சிக்குப் போனவர்களை அறிந்த அளவு இந்த மூவரை நாம் அறியவில்லை. திரும்பி நடப்பவருக்கு விசில் அடிக்க நமக்கு இன்னும் பழகவில்லை.

ஆகவே, மலைக்குக் கிளம்பும் இளைய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி ஏறும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ‘போதும்’ என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். அங்கேயே காரணம் கேட்டுக் குடையக் கூடாது, ஊருக்கு வந்த பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டவும் கூடாது. வழியெல்லாம் கலாய்த்துக்கொண்டு வந்தவன் திடீரென்று மௌனமாகிவிட்டால், அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கேட்டுவிடுங்கள்.

முடிந்தால் கிளம்புவதற்கு முன் நண்பர்களோடு உட்கார்ந்து ‘வெர்டீஜ்’ பாருங்கள். மூடிய பாதை வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, ‘நீ என்னடா சொல்லியிருப்ப?’ என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். யாரை நம்பி மலை ஏறலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்