ஒரே ஆட்டம், இரண்டு கூடு

‘மெட்டல் ஸ்லக்’ 1996இல் ஜப்பானில் வெளிவந்த வீடியோ கேம். ஒவ்வொரு காட்சியையும் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்து அசைய வைத்த அந்த உழைப்புக்காக இன்றும் ரசிகர்கள் அதன் அசல் கார்ட்ரிட்ஜைத் தேடிப் போகிறார்கள். தேடுகிறவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டிவியோடு இணைத்து ஆடும் நியோ ஜியோ ஏ.இ.எஸ். கன்சோலுக்கான கார்ட்ரிட்ஜ். அது பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. மற்றொன்று, கேம் பார்லரில் காசு போட்டு ஆடிய எம்.வி.எஸ். இயந்திரத்துக்கான கார்ட்ரிட்ஜ். முன்னதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே அது கிடைத்துவிடும். இவ்வளவு விலை வித்தியாசத்தைப் பார்க்கிற எவருக்கும் வீட்டுப் பதிப்பில் கூடுதலாக ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால், இரண்டிலும் இருப்பது ஒரே ஆட்டம். ஆடுவதற்காக வாங்குகிறவர் பார்லர் கார்ட்ரிட்ஜைத்தான் வாங்க வேண்டும் என்பதே என் கட்சி.

இந்த விசித்திரத்துக்குக் காரணம், இந்த இரண்டு இயந்திரங்களையும் உருவாக்கிய, ஒசாகாவைச் சேர்ந்த எஸ்.என்.கே. நிறுவனம் 1990இல் எடுத்த ஒரு முடிவு. அந்தக் காலத்தில் பார்லரில் பார்த்த ஆட்டத்தை வீட்டுக் கன்சோலில் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உருவங்கள் சிறுத்திருக்கும், ஒலி மெலிந்திருக்கும், சில காட்சிகளே காணாமல் போயிருக்கும். பார்லர் இயந்திரத்தின் திறன் வீட்டுக் கருவிகளுக்கு அப்போது கிடையாது. எஸ்.என்.கே. இந்த இடைவெளியையே எடுத்துவிட்டது. பார்லர் இயந்திரத்தில் வைத்த அதே 68000 பிராசசரையும் அதே வகை வரைகலைச் சில்லுகளையும் வீட்டுக் கருவியிலும் வைத்தது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நிரலும் பெரும்பாலும் ஒன்றுதான். மின்சாரம் வந்ததும் அந்த நிரல், தான் எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பதை அந்த இயந்திரத்திலேயே இருக்கும் பயாஸ் சில்லிடமிருந்து தெரிந்துகொள்கிறது. பார்லர் என்றால் காசு கேட்கும். வீடு என்றால் அமைப்புப் பட்டியலைக் காட்டி, இத்தனை முறைதான் தொடரலாம் என்று கணக்கு வைக்கும். ரசிகர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘யூனிவர்ஸ் பயாஸ்’ சில்லைப் பொருத்திவிட்டால், ஒரே கார்ட்ரிட்ஜை வீட்டு முறையிலோ பார்லர் முறையிலோ விருப்பம்போல ஓட்டலாம். இரண்டும் ஒன்றே என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் தேவையில்லை. மெமரி கார்டுகூட இரண்டுக்கும் பொது. பார்லரில் சேமித்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தொடர முடிந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் மாறுபட்டவை கூட்டின் வடிவமும் உள்ளே பின்களின் அமைப்பும் மட்டுமே.

அப்படியானால் விலை ஏன் இப்படி? அமெரிக்காவில் அப்போது அந்த வீட்டுக் கருவியின் முழுத் தொகுப்பு சுமார் 650 டாலர், ஒரு ஆட்டம் சுமார் 200 டாலர். மற்ற கன்சோல்கள் அதில் ஒரு பகுதிக்கே கிடைத்தபோது இதை வாங்கியவர்கள் வெகு சிலர். அதனால் வீட்டுக் கார்ட்ரிட்ஜுகள் குறைவாகவே தயாராயின. பார்லர் உரிமையாளர்களின் கணக்கு நேர்மாறானது. ஒரே பெட்டிக்குள் ஆறு ஆட்டங்கள் வரை செருகலாம். புது ஆட்டம் வந்தால் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும். எம்.வி.எஸ். உலகெங்கும் பரவியது, பின்னாளில் பார்லர்கள் மூடப்பட்டபோது அந்தக் கார்ட்ரிட்ஜுகள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. ஆக, வீட்டுப் பதிப்பின் அருமை என்பது அன்றைக்கு எத்தனை பேரால் 200 டாலர் கொடுக்க முடிந்தது என்ற கணக்குதான். ஆட்டத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘கிஸுனா என்கவுன்டர்’ என்ற சண்டை ஆட்டத்தைப் பாருங்கள். அதன் ஆங்கில உறையிட்ட வீட்டுப் பதிப்பில் இன்று அறியப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே. சேகரிப்பாளர்கள் அதற்குச் சொத்து விலை கொடுக்கிறார்கள். ஜப்பானிய உறையோடு வந்த பிரதியில் இருப்பதும் அதே ஆட்டம்தான். அங்கே பணம் போவது உறைக்கும் கையேட்டுக்கும்.

பார்லர் பதிப்பே முழுமையானதாக அமைந்த சந்தர்ப்பமும் உண்டு. நியோ ஜியோவுக்கு அதிகாரபூர்வமாக வந்த கடைசி ஆட்டம் 2004இல் வெளியான ‘சாமுராய் ஸ்பிரிட்ஸ் ஜீரோ ஸ்பெஷல்’. பார்லரில் வந்த அதன் கொடூரமான முடிவுக் காட்சிகள் வீட்டுப் பதிப்பில் வெட்டப்பட்டன. அதிக விலை கொடுத்துக் காத்திருந்த ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அந்தக் காட்சிகள் வேண்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் உருவாக்கியவர்கள் முதலில் செய்து வெளியிட்டது எது என்று கேட்டால், பார்லர் கார்ட்ரிட்ஜைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது வசதி பற்றியது. வீட்டுக் கன்சோலை டிவியில் மாட்டினால் ஆடலாம்; பார்லர் போர்டுக்குத் தனி மின்வழங்கி வேண்டும், படத்தை டிவிக்கு ஏற்ப மாற்றும் கருவி வேண்டும், கட்டுப்பாட்டுக் கம்பிகளை இணைக்க சால்டரிங் தெரிந்த ஒருவர் வேண்டும். உண்மைதான், இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கமாட்டேன். பழைய எம்.வி.எஸ். போர்டுகள் பலவற்றில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி காலப்போக்கில் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். வாங்கியவுடன் முதல் வேலை அதைக் கழற்றுவதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இவை ஒருமுறைச் செலவுகள். ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் செருகும் பார்லர் போர்டை வீட்டுக் கன்சோலாக மாற்றித் தருகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கான செலவு முழுவதையும் சேர்த்தாலும் வீட்டுப் பதிப்பு ‘மெட்டல் ஸ்லக்’ ஒன்றின் விலையை எட்டாது. அதன்பின் வாங்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மிச்சம்தான்.

வீட்டுப் பதிப்பு ஒரு முழுமையான கலைப்பொருள், அதன் உறை ஓவியமும் கையேடும் அந்தக் காலத்தின் ஆவணங்கள் என்பது அடுத்த வாதம். இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு அருங்காட்சியகமோ நூலகமோ வாங்குவதானால் அந்தப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். வாங்கி, கையேட்டை எல்லோரும் பார்க்கும்படி ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். ஆனால் ஆவணம் காப்பவரின் தேவையும் ஆடுகிறவரின் தேவையும் வேறு. முதல் பதிப்பு நாவலைப் பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது என்பதற்காக வாசகர் மலிவுப் பதிப்பை வாங்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

முதலீடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. இந்தச் சந்தையின் விலை, இளமையில் அந்த ஆட்டத்தைக் கண்டு ஏங்கியவர்களின் நினைவில் நிற்கிறது. அந்தத் தலைமுறைக்குப் பின்னும் அது நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அதைவிடக் கவலை தருவது இந்த விலை செய்யும் கேடு. பார்லர் கார்ட்ரிட்ஜின் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, விலை போகாத வேறொரு வீட்டுக் கார்ட்ரிட்ஜின் கூட்டில் பொருத்தி, புதிதாக உறை அச்சிட்டு ‘அசல்’ என்று விற்கிறார்கள். திறந்து போர்டைப் பார்க்காமல் கண்டுபிடிப்பது கடினம். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பார்லர் கார்ட்ரிட்ஜ் ஒன்று, போலி ஒன்றை உருவாக்குவதற்காக அழிகிறது. பெட்டியின் மேல் வைக்கும் மோகத்துக்கு விலையாகப் போவது ஆட்டமே.

இரண்டுமே எதற்கு, ஹாம்ஸ்டர் நிறுவனம் உரிமம் பெற்று இந்த ஆட்டங்களை இன்றைய கன்சோல்களில் எட்டு டாலருக்கும் குறைவாக விற்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்டத்தை அறிய விரும்பும் பெரும்பாலோருக்கு அதையே நானும் பரிந்துரைப்பேன். அந்த வரிசையில் விற்கப்படுவதும் பார்லர் பதிப்புதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அசல் சில்லுகளில், பழைய குழாய் டிவியில், பொத்தானை அழுத்திய கணமே திரை பதில் சொல்லும் அந்த வேகத்தில் ஆட விரும்புகிறவர்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் ஒரு நல்ல எம்.வி.எஸ். போர்டை வாங்கி, பேட்டரியைக் கழற்றி, உள்ளே திறந்து பார்த்து உறுதி செய்த ஒரு கார்ட்ரிட்ஜைச் செருகட்டும். மிஞ்சும் பணத்தில் இன்னும் பல ஆட்டங்களை வாங்கலாம்.