‘ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்திடும்’: கடல் கடந்து தத்துப் போகும் குழந்தைக்கு என்ன நடக்கிறது?

“சின்னப் புள்ளதானே… ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்திடும்.” வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் வீட்டில் இப்படிச் சொல்ல ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார்.

லால்குடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அப்பா இறந்துவிட்டார், அம்மா தீராத நோயில் இருக்கிறார், வளர்ப்பது பாட்டி. அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் சித்தியும் சித்தப்பாவும் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாசத்துக்குக் குறைவில்லை, வசதிக்கும் இல்லை. உத்தரவு, பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்துவிட்டன. பெரியவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு அன்றுதான் ஆரம்பிக்கிறது.

ரெண்டு நாளில் அழுகை நிற்கலாம். அழுகை நிற்பதும் மறப்பதும் ஒன்றல்ல.

ஒரு வயதுக்கு முன், ஒரு வயதுக்குப் பின்

தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 12 மாதத்துக்குள் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள், பெற்ற வீட்டில் வளரும் குழந்தைகளைப் போலவே புதிய பெற்றோரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அதைத் தாண்டி வந்தவர்களில் பலருக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ருமேனியாவின் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் பக்கத்தில்தான் வருகிறது. ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். அதற்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் வளர்ந்த பிறகும் தொடர்ந்தன.

நம் லால்குடிக் குழந்தை காப்பகத்தில் வளரவில்லை, பாட்டி மடியில் வளர்ந்தவள். அது பெரிய பலம். யாரையாவது நம்பலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் இழப்பதும் அதே மடியைத்தான். இரண்டு வயதில் பிரிவு நன்றாகவே புரியும், காரணம் புரியாது, கேட்க வார்த்தையும் இருக்காது. விளக்கிச் சொன்னால் ஓரளவு ஏற்றுக்கொள்ளும் ஐந்து வயதும் இல்லை, பழக்கம் படியாத ஐந்து மாதமும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ‘உறவினர்’ என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி வரைதான். ஒன்றுவிட்ட அண்ணன், அக்கா எல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். லால்குடிக்காரர்களுக்கு அது திருச்சி ஆட்சியர். வெளிநாடு என்றால் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (காரா) அனுமதியும் வேண்டும். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிந்திருந்தாலும், குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகக் காரா வழியாகத்தான் போக வேண்டும். போகிற நாட்டின் விதி தனி. குழந்தையின் பெற்றோர் இருவரும் இருந்து, வளர்க்கவும் முடியும் என்ற நிலையில், விருப்பப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் அமெரிக்கா தத்து விசா தராது.

“முதல்ல விசிட்டிங் விசால கூட்டிட்டுப் போயிடலாம், பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம்” என்ற யோசனை சொந்தக்காரர் வட்டத்தில் கட்டாயம் வரும். உரிய உத்தரவு இல்லாமல் குழந்தையை ஒப்படைக்க வெளிநாடு அனுப்புவது மூன்று ஆண்டு வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால் காரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் சிலர், தத்து என்ற பெயரில் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது 2005-ல் வெளிவந்தது.

2024-25-ல் காரா வழியாக 4,515 தத்தெடுப்புகள் நடந்தன. அதில் 4,155 உள்நாட்டுக்குள்ளேயே. வெளிநாடு போகிற எண்ணிக்கை சில நூறுதான். அதனாலேயோ என்னவோ, உத்தரவு கிடைத்த பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பது இங்கே பேச்சாவதே இல்லை.

வேலை லால்குடியிலேயே தொடங்க வேண்டும்

சித்தியும் சித்தப்பாவும் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. முடிந்தால் மூன்று, நான்கு வாரம் லீவு போட்டு லால்குடி வீட்டிலேயே தங்க வேண்டும். முதல் வாரம் பாட்டி ஊட்டட்டும், சித்தி பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த வாரம் சித்தி ஊட்டட்டும், பாட்டி பக்கத்தில் இருக்கட்டும். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் இப்படியே மெல்லக் கைமாற வேண்டும். பாட்டியே சிரித்துக்கொண்டு “சித்திகிட்ட போ” என்று அனுப்புவதைக் குழந்தை பார்க்க வேண்டும்.

பெட்டியில் புது கவுன்களோடு பாட்டியின் பழைய நூல் சேலை ஒன்றும் போக வேண்டும். துவைக்காமல். வாசனை போய்விட்டால் அது வெறும் துணி.

அங்கே போனதும் எல்லாம் தலைகீழ். கோடைக்காலத்தில் இந்தியாவுக்கும் நியூஜெர்சிக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். தூளியில் ஆடித் தூங்கியவளுக்குத் தனி அறை, கம்பி போட்ட தொட்டில். டிவிஎஸ்-50-யில் தாத்தாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போனவளைக் காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டுகிறார்கள். (அங்கே சட்டம் அப்படி, வேறு வழியில்லை. இந்தக் கார் சீட் அழுகைக்கு முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லது.) இரவு நான்கைந்து முறை எழுந்து அலறலாம். தானே நடந்தவள் தூக்கச் சொல்லலாம், பாட்டில் கேட்கலாம். இதை அடம் என்று நினைக்கக் கூடாது. புது அம்மாவிடம் கைக்குழந்தையாக இருந்து பார்க்காத நாட்களை அவள் திரும்ப வாழ்ந்து பார்க்கிறாள். கொஞ்ச நாள் விட்டுக்கொடுக்கலாம். தனி அறை காத்திருக்கட்டும்.

நம்மவர்களுக்குக் கஷ்டமான யோசனை இனிமேல்தான் வருகிறது. முதல் சில மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, அழும்போது தூக்குவது எல்லாம் புதிய அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் செய்ய வேண்டும். வந்த வார இறுதியிலேயே ஹால் பிடித்து ஐம்பது குடும்பத்தைக் கூப்பிட்டு, குழந்தையைக் கைக்குக் கை மாற்றுகிற விழா வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அமெரிக்காவில் தகுதியுள்ள ஊழியர்களுக்குத் தத்தெடுப்புக்கும் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புது வீட்டுக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் இதற்குப் போகலாம்.

“எவ்ளோ சமத்து! யார் கூப்பிட்டாலும் போயிடறா” என்று விருந்தாளிகள் பாராட்டலாம். இந்தப் பாராட்டைக் கேட்டால்தான் கொஞ்சம் உஷாராக வேண்டும். முன்பின் தெரியாதவரிடமும் சட்டென்று போய் ஒட்டிக்கொள்வதும், விழுந்து அடிபட்டாலும் அழாமல் இருப்பதும் நன்றாகப் பழகிவிட்டாள் என்பதற்கான அடையாளங்கள் இல்லை. இவர்தான் என் ஆள் என்று இன்னும் முடிவாகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சித்தியைத் தேடி அழ ஆரம்பித்தால் அது நல்ல செய்தி.

ஒரு டம்ளர் பால்

புதிய வீட்டில் பெரும்பாலும் சண்டை வெடிக்கும் இடம் சாப்பாடு. பருப்பு சாதத்தைக் கையால் பிசைந்து ஊட்டிப் பழகிய குழந்தையை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்பூனில் சீரியல் கொடுத்தால் துப்பத்தான் செய்யும். எடை குறையுமோ என்ற பயத்தில் பெற்றோர் வாயில் திணிக்கத் தொடங்குகிறார்கள்.

2017-ல் டெக்சாஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பீகாரின் நாலந்தாவிலிருந்து முந்தைய ஆண்டு தத்தெடுக்கப்பட்ட 3 வயதுக் குழந்தை அக்டோபர் 7 அதிகாலையில் காணாமல் போனதாகப் புகார் வந்தது. பால் குடிக்காததால் வெளியே நிற்க வைத்ததாக வளர்ப்புத் தந்தை முதலில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து உடல் கிடைத்த பிறகு, பால் புகட்டும்போது மூச்சுத் திணறியது என்று மாற்றினார். 2019-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. எல்லா வீட்டுப் பால் சண்டையும் அங்கே போய் முடியாது. ஆனால் தூக்கமில்லாத பெற்றோர், சாப்பிடாத குழந்தை, உதவி கேட்கத் தயக்கம் என்ற சேர்க்கை எத்தனையோ வீட்டில் இருக்கிறது.

அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் பயம். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் குழந்தை போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று என ஆறு தொடர் அறிக்கைகள் இந்தியாவுக்கு வர வேண்டும். வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் ‘சாப்பிட மாட்டேங்கறா, எங்களால முடியல’ என்று சொன்னால் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று நினைத்து, வீட்டைத் துடைத்து, சிரித்த படம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஆலோசனை தருவதும் அந்த ஏஜென்சியின் வேலைதான். ஆறு அறிக்கையிலும் ‘நலம்’ என்று மட்டும் இருந்தால் அந்த வருகைகளால் குழந்தைக்கு என்ன பயன்?

காது மறப்பதில்லை

ஆங்கிலம் பேசும் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையின் தமிழ் சில மாதத்திலேயே கரையத் தொடங்கும். ஆனால் 2014-ல் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வு ஒன்று வேறு கதை சொல்கிறது. ஒரு வயதுவாக்கில் சீனாவிலிருந்து தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த 9 முதல் 17 வயதுப் பெண்களுக்குச் சீன மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. சீன மொழியின் ஒலிகளைக் கேட்க வைத்தபோது, அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்களைப் போலவே அவர்களுடைய மூளையும் வேலை செய்தது.

சித்தி வீட்டில் தமிழ் இருக்கிறது, அது பெரிய வசதி. பாட்டியின் தாலாட்டை போனில் பதிந்து கொண்டுபோகலாம். வாட்ஸ்அப் வீடியோவில் தினமும் ஒரே நேரத்தில், குழந்தை வயிறு நிறைந்து உற்சாகமாக இருக்கும்போது, ஐந்து நிமிடம் பாட்டி வரலாம். அழும்போதெல்லாம் பாட்டியைத் திரையில் காட்டினால், தூக்க முடியாத பாட்டியைப் பார்த்து அழுகை கூடத்தான் செய்யும்.

அந்தத் திரையில் அம்மாவும் வருவார். சட்டப்படி சித்தி இனி அம்மா, பிறப்புச் சான்றிதழிலும் அவர் பெயர்தான் ஏறும். அப்படியானால் லால்குடியில் இருப்பவரை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘பெரியம்மா’ என்றா, ‘லால்குடி அம்மா’ என்றா? பெற்றவர் அவர்தான் என்று எந்த வயதில், யார் சொல்வது? மறைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள், ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஒரு அத்தை வாய்தவறிச் சொல்லி அது தெரியவரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அக்காவும் தங்கையும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.